காட்டின் வாசலில் ஒரு கிராமம்
சிங்கராஜ வனத்தோர மக்களின் வாழ்வும் வருங்காலமும்

மழை பெய்கிறதா, ஓய்ந்துவிட்டதா என்று திட்டமாகக் கூற இயலாத ஊர் அது. வானம் வெளுத்த பின்னரும் மரங்கள் நெடுநேரம் பெய்துகொண்டேயிருக்கின்றன. பாறைகளிடையே ஓடைகள் இரைகின்றன. ஈரமண்ணில் காலை வைத்ததும் அட்டைகள் உறவு கொண்டாட வந்துவிடுகின்றன. காலியிலிருந்து நெலுவ வழியாக லங்காகமத்தை நோக்கிச் செல்லும் வாசகர்கள் முதலிற் காணும் காட்சி இதுவே.

காலி, மாத்தறை, இரத்தினபுரி ஆகிய மாவட்டங்கள் சந்திக்கும் மலைப்பாங்கான நிலத்திலே, கிழக்கு மேற்காக ஏறக்குறைய 21 கிலோமீற்றர் நீளத்துக்குப் பரந்து கிடக்கிறது சிங்கராஜ வனம். ஆண்டொன்றுக்கு 3,600 முதல் 5,000 மில்லிமீற்றர் வரை மழை பெறும் இவ்வனத்திலுள்ள மரவகைகளுள் அரைவாசிக்கு மேற்பட்டவை இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் காணப்படாதவை. 1988ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தாபனம் இதனை உலக மரபுரிமைச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. இவையெல்லாம் பாடப்புத்தகங்களிலே உள்ளன. ஆனால், இவ்வனத்தைச் சூழ இருபதுக்கு மேற்பட்ட கிராமங்கள் உள்ளன என்பதையும், அங்கே தலைமுறை தலைமுறையாக மனிதர் வாழ்கின்றனர் என்பதையும் நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கித்துள் மரத்தின் கீழ்

அங்கே நான் சந்தித்த முதியவரை ஊரார் யாவரும் 'சீயா' என்றே அழைத்தனர். நானும் அவ்வாறே அழைத்தேன். எழுபது வயதைக் கடந்தவர். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு வரை கித்துள் மரம் ஏறியவர்.

யாழ்ப்பாணத்தானுக்குப் பனை எவ்வாறோ, இம்மக்களுக்குக் கித்துள் அவ்வாறு. மரத்தோடு தடிகளைக் குறுக்காகக் கட்டிப் படியமைத்து ஏறுகின்றனர். இளம் பாளையைப் பக்குவப்படுத்திச் சீவி, காலையும் மாலையும் பதநீர் இறக்குகின்றனர். நம்மவர் முட்டியிலே சுண்ணாம்பு பூசுவது போல, இவர்கள் பதநீர் புளியாதிருக்க ஹல் என்னும் மரத்தின் பட்டையை முட்டியில் இடுகின்றனர். வீட்டிலே பெண்கள் அதனை அடுப்பேற்றிக் காய்ச்சிப் பாணியாகவும், மேலும் இறுக்கிக் கருப்பட்டியாகவும் ஆக்குகின்றனர். கித்துள் உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பாளை தள்ளும். கடைசிப் பாளையோடு அதன் ஆயுளும் முடியும். எனவே ஒரு மரம் மடியுமுன் அடுத்த மரம் வளர்ந்திருக்க வேண்டும். "காட்டிலே பேராசைக்காரன் நெடுநாள் வாழமாட்டான், மாத்தயா" என்றார் சீயா.

கித்துளோடு ஏலம், பிரம்பு, மரமஞ்சள் முதலியவற்றையும் காடு கொடுத்தது. பெரலிய மரம் சில ஆண்டுகளுக்கொரு முறையே நிறையக் காய்க்கும். அவ்வாண்டிலே ஊரே கூடையோடு புறப்பட்டு, விதைகளைப் பொறுக்கி, மாவாக்கி உண்ணும். சேனைப் பயிரும், ஓடைக்கரை வயலும் மிகுதிப் பசியைத் தீர்த்தன.

வாளுக்குத் தப்பிய வனம்

1970களின் தொடக்கத்தில் இவ்வனத்துக்குப் பெரும் ஆபத்து நேர்ந்தது. கொஸ்கமவில் அமைந்த ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கு மரம் வேண்டி, வனத்தின் மேற்குப் பகுதியிலே இயந்திரங்கொண்டு மரங்கள் வெட்டப்பட்டன. இயற்கை ஆர்வலரும் பொதுமக்களும் குரலெழுப்பியதன் பயனாக, 1977இல் அவ்வேலை நிறுத்தப்பட்டது. மறு ஆண்டிலே வனம் சர்வதேச உயிர்க்கோள ஒதுக்கிடமாக ஏற்கப்பட்டது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான நிமால் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க தம்பதியினர் பல்லாண்டு காலம் இங்கே ஆராய்ச்சி நடத்தினர். காட்டின் எல்லையில் நடப்பட்ட பைன் மரங்களின் நிழலிலே நம் நாட்டு மரங்களை மீண்டும் வளர்க்கலாம் என்பது இங்கு செய்யப்பட்ட சோதனைகளால் தெளிவாயிற்று.

வனம் காக்கப்பட்டது நாட்டுக்கு நன்மையே. ஆயினும், பாதுகாப்புச் சட்டம் வந்ததும், நேற்றுவரை தம் பாட்டனார் பிரம்பு வெட்டிய இடத்திலே இன்று கால் வைப்பது குற்றமென்று கிராமத்தவர் அறிந்துகொண்டனர். காட்டை அழித்தவர் வேறு யாரோ. காட்டை இழந்தவர் இவர்கள்.

தேயிலையின் வருகை

வாழ்வு வேறு வழி தேடியது. சேனை நிலங்களிலும் வீட்டுச் சரிவுகளிலும் தேயிலை ஏறியது. கொழுந்து லொறி வருகிறது. மாத முடிவில் காசு கைக்கு வருகிறது. கற்சுவரும் ஓட்டுக்கூரையுமாக வீடுகள் எழுந்ததும், பிள்ளைகள் சப்பாத்து அணிந்து பாடசாலை செல்வதும் இப்பச்சைக் கொழுந்தின் கொடையே.

ஆனால் ஒரே பயிரை நம்பியவனின் நிலை ஒற்றைக் காலில் நிற்பவனின் நிலையாகும். 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, சிறு தோட்டக்காரர் தவித்த தவிப்பைச் சொல்லி முடியாது. சில மாதங்களில் தடை நீங்கியது. எனினும் உரத்தின் விலை முன்னைய நிலைக்கு இறங்கவில்லை. அதற்கு முன்னர், 2017 மே மாதத்து மழையிலே வெள்ளமும் மண்சரிவும் தென்மேற்குப் பகுதிகளைத் தாக்கி, நாட்டில் இருநூறுக்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டன. மரத்தின் வேர் பற்றியிருக்கும் சரிவுக்கும், வேரிழந்த சரிவுக்குமுள்ள வேற்றுமையை அம்மழை கண்கூடாக உணர்த்திற்று.

பாதையா, வனமா?

2020 ஆகஸ்டில் லங்காகமத்தின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. கிராமத்துப் பாதையை அகலமாக்கும் வேலையின் ஒரு பகுதி வன எல்லைக்குள் அமைந்ததால், சூழல் ஆர்வலர் கடுமையாக எதிர்த்தனர். கிராமத்தவரோ, பாதை வேண்டுமென்று உறுதியாக நின்றனர். தலைநகரிலிருந்து நோக்குவோருக்கு இது காட்டுக்கும் மனிதனுக்குமிடையே நடக்கும் வழக்காகத் தோன்றலாம். சீயாவுக்கு அது அவ்வாறு தோன்றவில்லை.

"நான் இளைஞனாக இருந்தபோது என் தங்கைக்குப் பிரசவ வேதனை கண்டது. நாற்காலியில் இருத்தி, நால்வர் தோளிற் சுமந்து புறப்பட்டோம். ஆறு பெருகியிருந்தது. விடியும்வரை கரையிலே காத்திருந்தோம், மாத்தயா. விடிந்தபோது அவசரமொன்றும் இருக்கவில்லை."

சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "அதற்காக மரத்தையெல்லாம் வெட்டச் சொல்கிறேனா? இந்த ஆற்றுக்குத் தண்ணீர் கொடுப்பதே அந்த மரங்கள்தாமே. நோயாளி போக ஒரு வழி, பிள்ளை பாடசாலை போக ஒரு வழி. அவ்வளவே கேட்கிறோம்" என்றார்.

பாதை வந்தால் மருத்துவர் மட்டும் வருவதில்லை என்பதையும் அவர் அறிவார். வல்லப்பட்டை என்னும் மரத்தின் நறுமணப் பிசினுக்கு வெளிநாடுகளிலே பெருவிலை உண்டென்ற செய்தி 2012ஆம் ஆண்டளவில் பரவியபின், அதனைத் திருட்டுத்தனமாக வெட்டிக் கடத்துவோர் பலர் பிடிபட்டுள்ளனர். கூலிக்கு ஆசைப்பட்ட கிராமத்து இளைஞன் சிறைக்குச் செல்கிறான். விலை வாங்கியவன் எங்கோ சுகமாக இருக்கிறான்.

செய்யத்தக்கது யாது?

நல்வழிகளும் இல்லாமலில்லை. வனத்தைப் பார்க்க வருவோர் வழிகாட்டியின்றி உட்புகுதல் கூடாதென்பது விதி. குடாவ, தெனியாய போன்ற வாசல்களில் வழிகாட்டிகளாகப் பணிபுரிவோர் பெரும்பாலும் அயற்கிராம இளைஞரே. எந்தப் பறவைக் கூட்டம் எந்நேரத்தில் எம்மரத்துக்கு வருமென்று அவர்கள் கூறுவதைக் கேட்டு, படித்த விருந்தினர் வியந்து நிற்கின்றனர். தம் வீட்டறையை விருந்தினருக்கு வாடகைக்கு விடுவோரும் உளர். மரம் வெட்டாமலே மரத்தால் வாழலாம் என்பதற்கு இவை சான்றாகும்.

கித்துள் பாணிக்கும் நகரங்களிலே நல்ல கிராக்கி உண்டு. ஆனால் சீனிப்பாகு கலந்த போலிப் பாணியும் அதே பெயரில் விற்பனையாகிறது. மரமேறுவோனுக்கு ஆபத்து மிகுதி, வருவாயோ குறைவு. ஆகவே இளைஞர் அத்தொழிலை நாடுவதில்லை. கிராமத்தவர் கூட்டுறவாக இணைந்து, தூய பாணிக்கு முத்திரையிட்டு நேராக விற்க முடியுமாயின், நிலைமை மாறக்கூடும்.

சீயாவின் பேத்தி உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் கற்பதற்காக நகரத்திலே உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்த அவளிடம், படித்து முடித்தபின் ஊருக்குத் திரும்புவாயா என்று வினவினேன். அவள் பாட்டனாரின் முகத்தைப் பார்த்தாள்.

"திரும்பி வந்து செய்வதற்கு இங்கே ஒரு வேலை இருந்தால் வருவேன்" என்றாள்.

அவ்விடை இன்னும் என் செவியில் ஒலிக்கிறது. சிங்கராஜ வனத்திற் பிறக்கும் நீர், களு கங்கையாகவும் கிங் கங்கையாகவும் ஓடிப் பல இலட்சம் மக்களுக்குப் பயன்படுகிறது. காட்டின் நன்மை நாடு முழுவதற்கும் உரியதாயின், அதனைக் காப்பதற்கான விலையை அதன் வாசலிலிருப்பவர் மட்டும் செலுத்துவது நீதியாகுமா? ஒரு பாலம், ஒரு மருத்துவ நிலையம், நல்லாசிரியர் உள்ள ஒரு பாடசாலை, உழைப்புக்கு ஏற்ற விலை: இவை சலுகைகளல்ல, நாம் தீர்க்க வேண்டிய கடன்.

விடைபெறுகையில் சீயா ஒரு போத்தல் பாணியை என் கையில் வைத்தார். அவருடைய மரத்தில் இறக்கியதல்ல. அயலவர் ஒருவரிடம் வாங்கியது. அவருடைய மரங்கள் பாளை தள்ளி நிற்கின்றன. ஏறுவதற்குத்தான் அவ்வீட்டில் ஆளில்லை.