‘போனவில்லை’ என்போமா?

இரத்மலானை விமான நிலையத்தின் அயலில் வாழும் பிள்ளைகளுக்கு ஆகாய விமானத்தின் இரைச்சல் புதிதன்று. 1935ஆம் ஆண்டிலிருந்தே அங்கு விமானங்கள் வந்து இறங்குகின்றன. வெள்ளவத்தையிற் புகையிரதமேறித் தெஹிவளையையும் கல்கிசையையும் கடந்து இரத்மலானைக்கு வந்து படிக்கும் தமிழ் மாணவன் ஒருவன், அவ்விமான நிலையத்தைப் பற்றித் தான் எழுதிய ஆங்கிலக் கட்டுரையை அண்மையில் என்னிடம் கொணர்ந்தான். தாள் முழுவதும் சிவப்பு மை.

“சேர், எழுதினால்தானே பிழை வருகிறது? இனிமேல் நான் எழுதப் போவதில்லை” என்றான்.

பிழைக்கு அஞ்சிப் பேனாவை மூடிவைப்பதைவிடப் பெரும்பிழை வேறில்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஓர் அரசகரும மொழியாக்கியதோடு, ஆங்கிலத்தை நாட்டின் இணைப்பு மொழியாகவுங் குறித்தது. பல்கலைக்கழகத்திலும் தொழிலிடத்திலும் அம்மொழியில் வாய்திறக்க அஞ்சும் பிள்ளை, தான் அறிந்ததையும் பிறர் அறியச் செய்ய இயலாது நிற்கிறான்.

அவன் தாளை இருவரும் ஒருங்கிருந்து படித்தோம். அப்பொழுது ஓருண்மை புலனாயிற்று. அவன் பிழைகளுட் பெரும்பாலானவை சோம்பலால் விளைந்தவை அல்ல. தமிழின் வழக்கை ஆங்கிலத்தின்மேல் ஏற்றியதால் விளைந்தவை. ஆதலின் அவற்றுக்கு மருந்தும் தமிழிலேயே உண்டு.

‘ஐ டிட் நொட் வென்ட்’ என்று எழுதியிருந்தான். “தம்பி, தமிழில் ‘நான் போனவில்லை’ என்று சொல்வாயா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டான். ‘போகவில்லை’ என்பதில் ‘போக’ என்னும் சொல் காலங் காட்டுவதில்லை. அவ்வாறே ஆங்கிலத்தில் ‘டிட்’ என்பது இறந்தகாலத்தைத் தாங்கிக்கொள்ள, ‘கோ’ வெறுமனே நிற்கிறது. சுமையை ஒருவர் சுமந்தாற் போதும்.

அடுத்து, ‘ஹி கோ’ என்றிருந்தது. ‘அவன் போகிறேன்’ என்பதை நன்னூலார் இடவழு என்பார். தமிழில் அப்பிழையைச் செய்யாத பிள்ளை, ஆங்கிலத்தில் படர்க்கை ஒருமைக்குரிய ‘ஸ்’ என்னும் ஒலியை விட்டுவிடுகிறான். எழுவாய்க்கு இயையவே பயனிலை வரவேண்டும் என்பது இரு மொழிக்கும் பொதுவான நீதி. நிகழ்காலத்தில் ‘ஹி கோஸ்’ என்பதே வழாநிலை.

பிறிதொன்று, ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’. ‘எனக்கு இரு சகோதரர் இருக்கிறார்கள்’ என்பதன் நிழல் இது. நம்முடைய ‘கிறு’ என்னும் இடைநிலை, நடந்துகொண்டிருக்கும் செயலுக்கும் நிலைபெற்ற தன்மைக்கும் ஒருங்கே பயன்படும். ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும். உடைமைப் பொருளில் வரும் ‘ஹேவ்’, அறிதலைக் குறிக்கும் ‘நோ’ முதலியன பொதுவாக ‘இங்’ ஏலா.

‘அ’, ‘அன்’ என்பவற்றுள் எதை எழுதுவது என்பதும் பலர்க்கு இடர். தமிழில் உயிரெழுத்துக்கு முன் ‘ஓர்’ வரும். ஏனையவற்றின் முன் ‘ஒரு’ வரும். ஓர் ஊர், ஒரு யானை. ஐயம் எழுந்தால் ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிப் பாருங்கள். ‘யுனிவேர்சிட்டி’ யகரத்தில் தொடங்குகிறது, ஆகவே ‘அ’. மணியைக் குறிக்குஞ் சொல் ‘அவர்’ என உயிரில் ஒலிக்கிறது, ஆகவே ‘அன்’. கண்ணை நம்பாது காதை நம்புக.

இனி வேற்றுமை. நிலையத்தில், மேசையில், அறையில் என நாம் ‘இல்’ ஒன்றாலேயே இடத்தைச் சுட்டிவிடுவோம். ஆங்கிலமோ, குறித்த இடமாயின் ‘அட்’, மேற்பரப்பாயின் ‘ஒன்’, உள்ளிடமாயின் ‘இன்’ எனப் பிரித்துக் கூறும். காலத்திலும் அப்படியே: மணிக்கு ‘அட்’, நாளுக்கு ‘ஒன்’, மாதத்துக்கும் ஆண்டுக்கும் ‘இன்’.

இவை அற்பமான சொற்களல்லவா என்று மாணவன் கேட்டான். அவன் எழுதிய பொருள் விமான நிலையமாதலால், விமான நிலையத்திலிருந்தே விடை சொன்னேன். 1977 மார்ச் 27ஆந் திகதி, ஸ்பெயினுக்குரிய தெனெரீஃப் தீவில், ஓடுபாதையில் இரு பெரும் விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். மூடுபனி, ஒரே வேளையில் ஒலித்து ஒன்றையொன்று மறைத்த வானொலிச் செய்திகள் எனக் காரணங்கள் பல. அவற்றோடு, ஒல்லாந்து விமானத்திலிருந்து வந்த ‘அட் டேக்-ஓஃப்’ என்ற சொற்றொடரும் எண்ணப்படுகிறது. விமானம் ஓடத் தொடங்கிவிட்டிருந்தது; கட்டுப்பாட்டாளரோ, அது புறப்படும் இடத்தில் நிற்கிறது என்று பொருள்கொண்டார். தாய்மொழியின் வழக்கே அச்சொற்றொடரில் நுழைந்திருக்கலாம் என்பர் மொழியறிஞர் சிலர். தாய்மொழியின் சாயல் நமக்கு மட்டும் உரியதன்று. அதனை அறிந்து எழுதுவதே பாதுகாப்பு.

பெற்றோர்களே, பிள்ளை எழுதிய தாளை மும்முறை படிக்கச் செய்யுங்கள். முதன்முறை வினைச்சொற்களை மட்டும். இரண்டாம் முறை பெயர்ச்சொற்களையும் அவற்றின்முன் நிற்கும் சிறு சொற்களையும். மூன்றாம் முறை இடத்தையும் காலத்தையும் காட்டும் சொற்களை மட்டும் பார்க்கட்டும். எல்லாவற்றையும் ஒருங்கே தேடுபவன் எதனையும் காணான். கண்ட பிழையை ஒரு கொப்பியில் எழுதி, அருகே அதற்கொத்த தமிழ்த் தொடரையும் குறித்துவைக்கட்டும். தமிழிலக்கணம் நன்கறிந்த பிள்ளைக்கு ஆங்கில இலக்கணம் அந்நியமன்று.

மறுவாரம் அம்மாணவன் அதே கட்டுரையைத் திருத்தி எழுதிக் கொணர்ந்தான். பிழை நான்கு இருந்தன. அந்நான்கையும் சிவப்பு மையால் தானே சுழித்திருந்தான்.