ஊர்கூடி வழக்காடல்: சேர்வதா, விலகி நிற்பதா?

முன்னுரை

காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளிப் பகுதியில் வாழ்வோர்க்கு ஓர் உண்மையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வாய்க்காலின் தலைப்பில் அடைப்பு ஏற்பட்டால் கடைமடை வரையுள்ள வயல்கள் யாவும் வாடும். வேலிக்கணக்கில் நிலமுடையார்க்கும், மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு உழுவார்க்கும் துன்பம் ஒன்றே. அவ்வடைப்பை நீக்க ஊரே மண்வெட்டியோடு திரண்ட குடிமராமத்து நம் முன்னோர் கண்ட வழி. ஆனால் அடைப்பு மண்ணால் ஆனதன்று. ஒரு நிறுவனத்தின் தவறாலோ ஓர் அலுவலகத்தின் ஆணையாலோ நேர்ந்தது எனின், மண்வெட்டி பயன்படாது. நீதிமன்றப் படியே ஏற வேண்டும். அப்படியைத் தனித்து ஏறுவதா, கூடி ஏறுவதா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள்.

டெல்டா கண்ட வழக்கு

கூடி வழக்காடுவதன் வலிமையையும் அதற்குத் தேவையான பொறுமையையும் அறிய நாம் வெளிநாடு செல்ல வேண்டா. 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு காவிரி நீர்ப்பாசன விளைபொருள்கள் விவசாயிகள் நல உரிமைப் பாதுகாப்புச் சங்கம், காவிரி நீர்ப் பங்கீட்டுக்கு நடுவர் மன்றம் அமைக்க வேண்டுமென உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தமிழ்நாடு அரசும் அவ்வழக்கை ஆதரித்து நின்றது. ஏழாண்டுகளுக்குப் பின், 1990 மே 4 அன்று, ஒரு மாதத்திற்குள் நடுவர் மன்றம் அமைக்குமாறு மைய அரசுக்கு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஜூன் 2 அன்று மன்றம் அமைந்தது. இறுதித் தீர்ப்பு 2007இல் வந்தது. உச்ச நீதிமன்றம் அதனைத் திருத்தித் தீர்ப்பளித்தது 2018 பிப்ரவரி 16 அன்றுதான்.

இது ரிட் மனு வகையைச் சார்ந்தது. நாம் கீழே காணும் உரிமையியல் வழக்கின் விதிகள் வேறு. எனினும் பாடம் ஒன்றே. தனியோர் உழவர் தொடுத்து நடத்தவியலாத வழக்கைச் சங்கமாகத் திரண்டோர் தொடுத்தனர். அன்று விதைத்தவர்களுள் பலர் அறுவடையைக் காணவில்லை.

சட்டம் கூறுவது

ஒரே நலனுடைய பலருக்காக ஒருவரோ சிலரோ தொடுப்பது பிரதிநிதித்துவ வழக்கு எனப்படும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 1, விதி 8 இதற்கு இடமளிக்கிறது. அதன் கூறுகளை ஒவ்வொருவரும் அறிதல் நன்று.

நீதிமன்றத்தின் அனுமதியோ பணிப்போ இன்றி எவரும் ஊரார் சார்பில் வழக்காட முடியாது. வழக்கைப் பற்றி அந்நலனுடைய அனைவருக்கும் அறிவிப்புத் தரப்பட வேண்டும். தொகை பெரிதாயின் நாளிதழ் விளம்பரம் போன்ற பொது அறிவிப்பும் போதும். அறிவிப்பைக் கண்டவர் தம்மையும் வழக்கில் ஒரு தரப்பினராகச் சேர்க்கக் கோரலாம். வழக்கை நடத்துபவர் உரிய முயற்சி காட்டாவிடில் அவருக்குப் பதிலாக மற்றொருவரை நீதிமன்றம் அமர்த்தலாம். அனைவருக்கும் அறிவிக்காமல் வழக்கைக் கைவிடவோ சமரசம் செய்யவோ இயலாது.

இவற்றுள் தலையாயது இறுதிக் கூறு. தீர்ப்பு, யாருக்காக வழக்குத் தொடுக்கப்பட்டதோ அவர் அனைவரையும் கட்டுப்படுத்தும். கையொப்பமிடாதவரையும் கட்டுப்படுத்தும், அறிவிப்பைப் படியாதவரையும் கட்டுப்படுத்தும். ஆகவே "நமக்கேன் வம்பு" என்று விலகி நிற்பவர் உண்மையில் விலகி நிற்பதில்லை. தம் உரிமையைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு உறங்குகிறார். அமெரிக்காவில் இழப்பீடு கோரும் கூட்டு வழக்குகளில், "எனக்கு இது வேண்டா" என்று உரிய காலத்தில் எழுதிக் கொடுத்து வெளியேறும் முறை உண்டு. நம் விதியில் அவ்வாறு எழுதிக் கொடுத்து வெளியேறும் வழி கூறப்படவில்லை. உள்ளே வந்து நம் கருத்தை முன்வைக்கும் வழியே உண்டு.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் பிரிவு 35இன்கீழ், ஒரே குறையுடைய நுகர்வோர் பலருக்காகச் சிலர் ஆணையத்தின் அனுமதியோடு முறையிடலாம். நிறுவனப் பங்குதாரர்களுக்கு நிறுவனச் சட்டம், 2013இன் பிரிவு 245 வழி செய்கிறது. 2009இல் சத்யம் நிறுவன மோசடி வெளிப்பட்டபோது அமெரிக்கச் சந்தையில் பங்கு வாங்கியோர் கூட்டு வழக்கினால் இழப்பீடு பெற்றனர். நம் நாட்டுச் சிறு முதலீட்டாளர்க்கு அத்தகைய வழி அன்று இல்லை.

ஒரே நலன் எது?

சென்னை அசோக் நகரில் வீட்டுவசதி வாரிய ஒதுக்கீடு பெற்றோரிடம் கூடுதல் விலை கேட்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கேட்புக் கடிதம் வந்திருப்பினும், அவர்களின் நலன் ஒன்றே. ஒருவர் அனைவருக்காகவும் வழக்காடலாம் என 1990இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மாறாக, பெங்களூரு அடுக்ககத் திட்டமொன்றில் வீடு வாங்கியோர் சிலர், தாமதத்திற்காக அனைவர் சார்பிலும் முறையிட முனைந்தபோது, எல்லாருக்கும் ஒரே நலன் உண்டென்பது காட்டப்படவில்லை என்று 2021இல் அதே மன்றம் கூறியது. எனினும் முறையிட்டோர் தமக்காக மட்டும் கூட்டு மனுவாகத் தொடர இசைந்தது.

இதனை நம் வயலில் வைத்துப் பார்ப்போம். ஒரே கடையில் ஒரே தொகுதி விதைநெல் வாங்கிய நாற்பது பேருக்கும் முளைப்புத் தவறியது என்று கொள்வோம். அந்நாற்பதின்மர் நலன் ஒன்று. வேறு தொகுதி வாங்கியவர், விதைத்தபின் நீரின்றி இழந்தவர் ஆகியோரின் குறை வேறு. விதை வாங்கும் உழவரும் நுகர்வோரே என உச்ச நீதிமன்றம் 2012இல் உறுதி செய்துள்ளது.

சேருமுன் கேட்க வேண்டியவை

முதலாவது, நம் குறையும் அவர்கள் குறையும் ஒன்றா? நிலவுடைமையாளர் தொடுக்கும் வழக்கில் குத்தகை உழவரின் இழப்பும் கோரப்பட்டுள்ளதா என்று மனுவைப் படித்தே அறிய வேண்டும்.

இரண்டாவது, கோருவது என்ன? வடிகாலைத் திறக்கும் ஆணை எனின் பயன் அனைவரையும் சேரும். பணம் எனின் அவரவர் இழப்பை அவரவரே மெய்ப்பிக்க நேரும். எனவே விதைப்பை, அதிலுள்ள அட்டை, கடை ரசீது, அடங்கல் நகல் ஆகியவற்றைக் காத்து வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, நடத்துபவர் யார்? வசூலுக்கு ரசீதும் கணக்கும் உண்டா? வெற்றிப் பணத்தில் பங்கு கேட்டு வழக்குரைஞர் வாதாடுவது நம் நாட்டு வழக்குரைஞர் நடத்தை விதிகளுக்கு மாறானது.

நான்காவது, நம் இழப்பு ஏனையோரினும் மிகப் பெரிதா? அவ்வாறாயின் தனி வழக்கே ஏற்றதாகலாம். ஆனால் காலக்கெடுவை மறத்தலாகாது. நுகர்வோர் முறையீட்டுக்குப் பொதுவாக இரண்டாண்டுகளே. ஊரார் வழக்கு நடக்கிறதே என்று காத்திருப்பவர் தம் கெடுவை இழந்துவிடக் கூடும்.

வழக்குரைஞரை நாட வசதியில்லாதார் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். மகளிர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வெள்ளம் வறட்சியால் துயருற்றோர் ஆகியோர்க்கு வருமானம் நோக்காமல் இலவச உதவி உண்டு.

நிறைவுரை

சேர்வதும் சேராமையும் அவரவர் முடிவு. அறியாமையினால் நேரும் சேராமை முடிவாகாது. நாளிதழின் ஓரத்தில் சிறிய எழுத்தில் வரும் நீதிமன்ற அறிவிப்பு, நம் வயலின் வரப்பைப் பற்றியதாக இருக்கலாம். கற்ற மாணவர் ஒருவர் அதனைத் தம் தெருவிலுள்ள முதியோர்க்குப் படித்துக் காட்டுவாராயின், அதுவும் இந்நாளில் ஒரு குடிமராமத்தே ஆகும்.