முள் ஏறினால் வண்டியை நிறுத்த வேண்டும்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வரும் தேசிய நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்குப் போகிறது. முன்பு அதன் எண் 47. இப்போது 66. களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்குகிறது.

1956 நவம்பர் 1ஆம் தேதி இங்கே மாநில எல்லை வந்தது. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. ஆனாலும் சந்தையும் உறவும் இரண்டு பக்கமும் தொடர்ந்தன. இன்றும் வாழைக்குலை, மரச்சீனி, ரப்பர் ஷீட், மீன் என்று ஏதாவது ஒரு சரக்கு எல்லையைக் கடந்துகொண்டே இருக்கிறது.

இந்தச் சரக்கைச் சுமக்கும் வண்டிகளில் பழைய வண்டிகளும் உண்டு. ஒரு பழைய ஜீப்போ வேனோ ஒரு குடும்பத்துக்கே சோறு போடும். இஞ்சின் கெட்டால் அன்றைய வருமானம் போகும். ரிப்பேர் செலவுக்குக் கடன் வாங்க நேரும். பழைய இஞ்சினைக் கெடுக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று, அளவுக்கு மீறிய சூடு. இதைத் தடுக்கப் பெரிய படிப்பு வேண்டாம். கவனம் இருந்தால் போதும்.

இஞ்சின் ஏன் சூடாகிறது?

இஞ்சினுக்குள் பெட்ரோல் அல்லது டீசல் எரிகிறது. எரியும்போது கிடைக்கும் வெப்பத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் வண்டியை ஓட்டுகிறது. ஒரு பங்கு புகையோடு வெளியே போகிறது. மீதி வெப்பம் இஞ்சினின் இரும்பில் ஏறுகிறது. அதை வெளியேற்றாவிட்டால் இஞ்சின் சில நிமிடங்களில் கெட்டுவிடும்.

அந்த வேலையைத் தண்ணீர் செய்கிறது. வாட்டர் பம்ப் தண்ணீரை இஞ்சினைச் சுற்றி ஓட விடுகிறது. தண்ணீர் வெப்பத்தை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழாய்கள் வழியே இறங்குகிறது. ஃபேன் இழுக்கும் காற்று அதைக் குளிர வைக்கிறது. குளிர்ந்த தண்ணீர் மறுபடியும் இஞ்சினுக்குப் போகிறது.

இடையில் தெர்மோஸ்டாட் என்னும் சிறிய கதவு உண்டு. இஞ்சின் போதிய சூடு அடையும் வரை அது மூடியிருக்கும். ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ் வந்ததும் திறக்கத் தொடங்கும். இஞ்சினுக்கு ஏற்ற சூடு பொதுவாக 80 முதல் 95 டிகிரி வரை.

சூடு குறையட்டும் என்று சிலர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இது தவறு. இஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும். எண்ணெய் அதிகம் செலவாகும். தேய்மானமும் கூடும். சில இஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடும். அப்போது சூடு குறைவதற்குப் பதில் கூடும். கெட்ட தெர்மோஸ்டாட்டை மாற்ற வேண்டும். கழற்றிவிட்டு ஓட்டக் கூடாது.

முள் சொல்லும் சேதி

ஓட்டுநரின் முன்னால் உள்ள மீட்டரில் ஒரு முள் இருக்கும். ஒரு ஓரத்தில் சி என்னும் ஆங்கில எழுத்து இருந்தால் அது குளிர். மறு ஓரத்தில் எச் என்னும் எழுத்து இருந்தால் அது சூடு. பெரும்பாலான வண்டிகளில் முள் நடுப்பகுதியில் நிற்பது சரியான நிலை.

ஒவ்வொரு வண்டிக்கும் முள் வழக்கமாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தை ஓட்டுநர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து சற்று ஏறினாலும் ஏதோ கோளாறு தொடங்குகிறது என்று பொருள்.

முள் தவறாகக் காட்டுவதும் உண்டு. சூட்டை அளக்கும் கருவி தண்ணீருக்குள் இருக்கிறது. தண்ணீர் ஒழுகி வற்றிவிட்டால் அந்தக் கருவி வெறும் இடத்தில் நிற்கும். அப்போது இஞ்சின் கொதித்தாலும் முள் கீழே இறங்கக்கூடும். ஏறிய முள் காரணமில்லாமல் சட்டென்று விழுந்தால் மகிழக் கூடாது. உடனே வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும். முள்ளே அசையாத பழைய வண்டியில் முதல் வேலை, மீட்டரைச் சரிசெய்வது.

சூடு எங்கே ஏறுகிறது?

பாறசாலையில் கேரளத்தின் மலையோர நெடுஞ்சாலை தொடங்குகிறது. அது வெள்ளறடை வழியாக வடக்கே காசர்கோடு மாவட்டம் வரை செல்கிறது. ஏற்றமும் வளைவும் நிறைந்த சாலை அது. களியக்காவிளைச் சந்திப்பிலோ நெரிசலில் வண்டி ஊர்ந்து போக வேண்டியிருக்கும். இந்த இரண்டு இடங்களும் இஞ்சினுக்குச் சோதனை.

நெரிசலில் மட்டும் சூடு ஏறினால் ஃபேனைச் சந்தேகிக்க வேண்டும். மாருதி 800 போன்ற கார்களில் ஃபேன் மின்சாரத்தில் சுழல்கிறது. அதன் மோட்டாரோ ஃபியூஸோ சுவிட்சோ கெட்டிருக்கலாம். பழைய ஜீப், அம்பாசிடர் வண்டிகளில் ஃபேனைப் பெல்ட் சுற்றுகிறது. அந்தப் பெல்ட் தளர்ந்திருக்கலாம்.

ஏற்றத்திலும், பாரம் ஏற்றியபோதும் சூடு ஏறினால் ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். வெளியே சேறும் பூச்சியும் காற்றை அடைக்கும். உள்ளே துரு தண்ணீரை அடைக்கும். ஏற்றத்தில் வண்டியைப் பெரிய கியரில் திணற விடக் கூடாது. கியரைக் குறைத்தால் இஞ்சின் வேகமாகச் சுழலும். பெல்ட்டில் ஓடும் பம்பும் ஃபேனும் கூட வேகமாகச் சுழலும்.

தினமும் தண்ணீர் குறைந்தால் எங்கோ ஒழுக்கு உண்டு. தினமும் ஊற்றி ஊற்றி ஓட்டும் ஓட்டுநரிடம் அனுபவமுள்ள மெக்கானிக் இப்படித்தான் சொல்வார்: "அண்ணே, வெள்ளம் ஊத்துனா மட்டும் போதாது. ஒழுக்கு எங்கேன்னு பாக்கணும்." ஹோஸ், கிளிப், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

வெளியே ஒழுக்கு தெரியாவிட்டால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். இஞ்சின் ஆயில் பால் விட்ட காப்பி போல் இருந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. இஞ்சின் சூடான பிறகும் புகை வெள்ளையாகத் தொடர்ந்து வந்தாலும் இதே சந்தேகம்தான். அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

எந்தத் தண்ணீர் ஊற்றலாம்?

இந்தப் பகுதி செம்மண்ணும் வெட்டுக்கல்லும் உள்ள பூமி. இங்கே பல கிணறுகளின் தண்ணீரில் இரும்பும் புளிப்புத் தன்மையும் உண்டு. நெய்யாறு கடலில் சேரும் பூவார்ப் பக்கத்தில் உப்புத் தண்ணீரும் கலக்கும். இப்படிப்பட்ட தண்ணீர் ரேடியேட்டரை உள்ளிருந்து அரிக்கும். பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரே ஏற்றது.

அதனுடன் கூலன்ட் சேர்க்க வேண்டும். தண்ணீர் உறையாமல் காப்பது கூலன்ட் என்பார்கள். பனி உறையாத ஊருக்கு அது எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. கூலன்ட் துருவைத் தடுக்கிறது. தண்ணீர் கொதிக்கும் சூட்டையும் உயர்த்துகிறது. பெரும்பாலும் பாதி கூலன்ட், பாதி தண்ணீர் என்று கலப்பார்கள். கலந்தே விற்கும் கூலன்டில் தண்ணீர் சேர்க்க வேண்டாம். டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துச் செய்ய வேண்டும்.

சாதாரணக் கூலன்ட் கொடிய விஷம். ஆனால் அது இனிக்கும். குழந்தையோ நாயோ குடித்தால் சிறுநீரகம் கெடும், உயிரே போகும். மிச்சத்தைக் குளிர்பானப் பாட்டிலில் வைக்கக் கூடாது. பழைய கூலன்டை ஓடையிலோ கிணற்றடியிலோ கொட்டக் கூடாது.

முள் ஏறிவிட்டால் என்ன செய்வது?

முள் சற்று ஏறும்போதே ஏ.சி.யை அணைத்து, வேகத்தைக் குறைக்க வேண்டும். சிவப்புக் கோட்டை நெருங்கினாலோ ஆவி வந்தாலோ சாலை ஓரத்தில் நிறுத்தி இஞ்சினை அணைக்க வேண்டும். "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டுவதில்தான் நஷ்டம் வருகிறது. அந்த இரண்டு கிலோமீட்டரில் ஹெட் வளைந்துவிடலாம்; வெடித்தும் விடலாம்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. குக்கரைப் போல உள்ளே அழுத்தம் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அழுத்தத்தில் அது 115, 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும். தண்ணீர் ஆவியாகிச் சீறி முகத்திலும் கையிலும் அடிக்கும். கண்ணே போய்விடலாம்.

குறைந்தது அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். மேல் ஹோஸ் தொடும் அளவுக்கு ஆறியிருக்க வேண்டும். பிறகு தடித்த துணியை மூடியின் மேல் போட்டு, முகத்தை விலக்கி, மூடியைச் சிறிது திருகி அழுத்தத்தை வெளியே விட வேண்டும். அதன் பிறகுதான் முழுதும் திறக்கலாம். கொதிக்கும் இஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் இரும்பு வெடிக்கும். இஞ்சின் நன்றாக ஆறிய பின் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்.

தினமும் ஐந்து நிமிடம்

காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இவற்றைப் பார்க்க வேண்டும்:

1. கூலன்ட் குறிப்பிட்ட அளவில் இருக்கிறதா?
2. இரவு வண்டி நின்ற இடத்தில் தரையில் ஈரம் உண்டா?
3. ஹோஸ் உப்பியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா?
4. ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்தினால் அதிகம் தொய்கிறதா?
5. ரேடியேட்டரின் முன்பக்கம் சேறு அடைத்திருக்கிறதா?

வண்டி புறப்பட்ட பிறகு அவ்வப்போது முள்ளைப் பார்க்க வேண்டும். பழைய ஹோஸை மாற்றச் சிறிய செலவுதான் ஆகும். ஹெட் போனால் வண்டி பல நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும். அத்தனை நாளும் வீட்டில் அடுப்பு எரிய வேறு வழி தேட வேண்டியிருக்கும்.