ஏ.சி. குழாயில் பரவும் புகை: எஸ்டிமேட் போடுமுன் கவனிக்க வேண்டியவை



மளிகைக் கடையைச் சூப்பர் மார்க்கெட்டாக மாற்றுவோர் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலும் உண்டு. பொய்க்கூரை போட்டு, அதற்குமேல் தகரக் குழாய் இழுத்து, கடை முழுவதற்கும் ஒரே ஏ.சி. வைக்கும்போது வியாபாரி ஒன்றை யோசிக்க வேண்டும். குளிர்காற்று போகும் அதே குழாயில் புகையும் போகும்.

டெல்லி உப்ஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் இறந்தனர். தீப்பிடித்தது கீழே வண்டி நிறுத்துமிடத்தில் இருந்த மின்மாற்றி. இறந்தவர்களில் பெரும்பாலோர் மேலே பால்கனியில் இருந்தவர்கள். அவர்களைக் கொன்றது நெருப்பு அல்ல. படிக்கட்டு வழியாகவும் ஏ.சி. குழாய் வழியாகவும் ஏறிய புகை. கொல்கத்தாவில் 2011 டிசம்பர் 9 அன்று ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில், குவித்து வைத்த பொருள்களில் தீப்பிடித்தது. அங்கேயும் ஏ.சி. குழாய்கள் புகையை மேல்மாடிகளுக்குக் கொண்டுபோயின. ஏறத்தாழ 90 பேர் இறந்தனர்.

கீழே கிடங்கு, மேலே விற்பனை என்பதுதான் நம்மில் பலருடைய கடை அமைப்பும். கிடங்கில் கற்பூரம், தீப்பெட்டி, எண்ணெய் டின், காலிச் சாக்கு எல்லாம் இருக்கின்றன.

யாருக்குத் தேவை?

முதலில் வீண் செலவைத் தவிர்ப்போம். சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி.க்குக் காற்றுக்குழாய் இல்லை. அதற்குக் குழாய் டிடெக்டர் தேவையில்லை; கூரையில் மாட்டும் சாதாரண ஸ்மோக் டிடெக்டர் போதும். குழாய் வழியே காற்று விடும் ஏ.சி.க்குத்தான் இந்தக் கருவி.

அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 90ஏ விதி, நிமிடத்துக்கு 2,000 கன அடிக்கு மேல் காற்று அனுப்பும் எந்திரத்துக்கு இதை வைக்கச் சொல்கிறது. ஒரு டன் ஏ.சி. சுமார் 400 கன அடி காற்றை அனுப்பும். ஆகவே 5 டன்னுக்கு மேற்பட்டது என்றால் இந்த எல்லையைத் தாண்டிவிடும். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, நான்காம் பகுதியில் தீப் பாதுகாப்பைச் சொல்கிறது. டிடெக்டர்களை அமைக்கும் முறைக்கு ஐ.எஸ். 2189 உள்ளது. உங்கள் கட்டடத்துக்கு எது பொருந்தும் என்பதைப் பகுதித் தீயணைப்பு நிலையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எப்படி வேலை செய்கிறது?

பெட்டி குழாய்க்கு வெளியே இருக்கும். துளையிட்ட ஒரு சிறு குழல் காற்றுக்குழாயின் உள்ளே குறுக்காகப் போகும். அதன் துளைகள் காற்று வரும் திசையைப் பார்க்க வேண்டும். துளை வழியே நுழையும் காற்று பெட்டிக்குள் போய், இன்னொரு குழல் வழியே திரும்பும். புகை தட்டுப்பட்டதும் மணி அடிப்பதோடு, காற்று எந்திரத்தையும் நிறுத்த வேண்டும். எந்திரம் ஓடிக்கொண்டே இருந்தால் மணி அடித்தும் பயன் இல்லை.

குழாய் வளையும் இடத்தில் காற்று சுழலும். அதனால் வளைவிலிருந்து குழாய் அகலத்தைப்போல் 6 மடங்கு தூரம் தள்ளி மாட்டுவது நல்லது. இடம் போதாவிட்டால் தயாரிப்பாளரின் கையேடு சொல்லும்படி செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்று: ஏ.சி. நின்றிருக்கும்போது குழலுக்குள் காற்று போகாது. கருவிக்குப் புகை தெரியாது. இரவில் கடை பூட்டியபின் காவல் இருப்பது கூரை டிடெக்டர்தான். குழாய் டிடெக்டர் இருக்கிறதே என்று அதை விட்டுவிடக் கூடாது.

எஸ்டிமேட்டில் என்ன இருக்க வேண்டும்?

இரண்டு மாடிக் கடை, மாடிக்கு ஒரு 8.5 டன் எந்திரம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் சுமார் 3,400 கன அடி அனுப்பும். அப்படியானால் கொட்டேஷனில் இவை இருக்கின்றனவா பாருங்கள்:

1. டிடெக்டர், பெட்டியோடு: 2.
2. குழாய் அகலத்துக்கு ஏற்ற நீளத்தில் குழல்கள்: 2 ஜோடி.
3. கழற்றித் துடைக்க, குழாயிலும் பொய்க்கூரையிலும் திறப்புக் கதவு: தலா 2.
4. எந்திரத்தை நிறுத்தும் ரிலேயும் ஒயரிங்கும்: 2.
5. கல்லாப்பெட்டி அருகே விளக்கும் சோதனைச் சுவிட்சும்.
6. மின்தடையிலும் இயங்க, பேட்டரியோடு எச்சரிக்கைப் பலகை.
7. சோதனைக் கூலி, ஆண்டுப் பராமரிப்பு.

தகராறு வருவது நான்காவதில்தான். டிடெக்டர் விற்பவர், 'ஒயரிங் எலக்ட்ரீஷியன் வேலை' என்பார். எலக்ட்ரீஷியன், 'ஏ.சி.காரர் பார்க்க வேண்டும்' என்பார். ஏ.சி.காரர், 'நான் குழாயில் ஓட்டை போட்டுத் தருவதோடு சரி' என்பார். கடைசியில் இணைப்பே இல்லாமல் பெட்டி மட்டும் தொங்கும். ஆகவே யாருடைய பொறுப்பு எது என்பதை முன்பணம் கொடுக்குமுன் எழுத்தில் வாங்குங்கள்.

கடைசித் தவணையைச் சோதனை முடிந்த பிறகே கொடுங்கள். சோதனைப் புகை விட்டு, மணி அடிக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், காற்று எந்திரம் நிற்கிறதா என்றும் நேரில் பாருங்கள்.

தூசியும் வீண் மணியும்

மிளகாய்த் தூள், மாவு, சாக்குத் தூசி பறக்கும் கடையில் கருவி வீணாக மணியடிக்கலாம். இரண்டு முறை அடித்தால் மூன்றாம் முறை ஊழியர் ஒயரைப் பிடுங்கிவிடுவார். ஏ.சி. வடிகட்டியை ஒழுங்காகக் கழுவுவதும், கருவியைக் குறித்த காலத்தில் துடைப்பதுமே இதற்கு வழி. ஏ.சி. எந்திர அறையில் அட்டைப்பெட்டி அடுக்காதீர்கள். கிடங்குக் காற்றை இழுத்து விற்பனைத் தளத்துக்கு அனுப்பும்படியும் குழாய் அமைக்க விடாதீர்கள்.

தீ என்றால் 101. அந்த எண் கல்லாப்பெட்டியில் ஒட்டியிருக்கட்டும். போன சரக்கை மீண்டும் வாங்கிவிடலாம். மாடியில் பில் போடும் பெண்ணையும், பொருள் எடுக்க வந்த வாடிக்கையாளரையும் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புவது முதலாளியின் பொறுப்பு.