காரைப் பாறையில் சுருண்ட ஓடுகள்

பெரம்பலூர் மாவட்டத்துக் காரையிலும், சற்றுத் தள்ளியுள்ள ஊட்டத்தூரிலும் மழைநீர் அரித்த களிமண் சரிவுகளில் சுருள் வடிவக் கற்கள் கிடைக்கின்றன. அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த அம்மோனைட்டுகளின் எச்சங்கள் அவை. பார்வைக்கு நத்தை போலிருந்தாலும், அவற்றின் நெருங்கிய உறவு கணவாயும் ஆக்டோபஸும்தான்.

நத்தை ஓட்டின் உள்ளே தடுப்புகள் இல்லை. அம்மோனைட் ஓடோ பல அறைகளாகப் பிரிந்தது. உயிரி கடைசி அறையில் வாழ்ந்தது. மற்ற அறைகளில் வாயு நிரம்பியிருந்ததால் மிதக்க முடிந்தது. அறைகளை ஊடுருவிச் செல்லும் மெல்லிய குழாய் அவற்றிலிருந்த நீரை வெளியேற்றியது. இன்றும் வாழும் உறவான நாட்டிலஸில் இக்குழாய் தடுப்பின் நடுப்பகுதி வழியே போகும். அம்மோனைட்டில் பெரும்பாலும் வெளி விளிம்பை ஒட்டியே ஓடும்.

வகைப்படுத்துவோர் முதலில் தேடுவது தையல்கோடு. தடுப்புச்சுவர் ஓட்டின் உட்புறத்தைத் தொடும் இடம் அது. மேலோடு உதிர்ந்து, உள்ளே இறுகிய கல்வார்ப்பு வெளிப்படும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். நாட்டிலஸில் அது மெல்லிய வளைவு. கிரெட்டேசியஸ் கால அம்மோனைட்டுகளில் பெரும்பாலும் வேப்பிலை விளிம்பைப் போல் பல்பல்லாக வெட்டுண்டு, அந்தப் பல்லுக்குள்ளும் பல் முளைத்திருக்கும். அதன் மடிப்புகளும் கிளைப்பும்தான் பெரும் பிரிவுகளைப் பிரிக்க உதவுகின்றன. பேரினம், சிற்றினம் என்று இறங்கும்போது விலா வரிகள், குமிழ்கள், சுற்றுகள் ஒன்றையொன்று மூடும் அளவு ஆகியவை கணக்கில் வரும். கவனம் தேவை: ஒரே இனத்தில் பெரிதும் சிறிதுமாக இருவகை ஓடுகள் உண்டு. அவை பெண், ஆண் என்றே பலரும் கருதுகிறார்கள்.

எல்லா அம்மோனைட்டுகளும் தட்டையாகச் சுருண்டவை அல்ல. டரிலைட்ஸ் கோபுரம்போல் ஏறிச் சுருளும். பாக்குலைட்ஸ் தொடக்கச் சிறு சுருளுக்குப் பின் நேர்க்கோலாக நீளும். இரண்டும் நம் பகுதியில் கிடைத்தவை. 1860களில் தொல்லுயிரியலாளர் ஸ்டோலிஸ்கா இங்குள்ள அம்மோனைட்டுகளை விரிவாக விவரித்தார்; பின்னர் ஆராய்ந்த கோஸ்மாட்டின் பெயரைக் கோஸ்மாட்டிசெராஸ் என்ற அம்மோனைட் பேரினம் தாங்குகிறது.

ஊட்டத்தூர்ப் பகுதியில் கிடைக்கும் மான்டெல்லிசெராஸ் என்ற அம்மோனைட் ஐரோப்பியப் பாறைகளிலும் உண்டு. அங்கே அதன் காலம் தெரிந்திருப்பதால், அது இருக்கும் அடுக்கு ஏறக்குறைய 10 கோடி ஆண்டுப் பழமையானது என்று சொல்லிவிடலாம். ஆனால் எந்த அடுக்கில் கிடந்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் அந்தச் சான்று பாதி வீணாகிவிடும். ஆகவே அங்கே போனால் கற்களைப் பெயர்த்தெடுக்காதீர்கள். இருந்த நிலையிலேயே படம் எடுத்து, இடத்தைக் குறித்து, புவியியல் துறையினருக்குத் தெரிவியுங்கள்.