காசநோய்க்கு வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாமா? சென்னை ஆய்வு தந்த விடை

காசநோய் உறுதியானவுடன் குடும்பத்தார் முதலில் கேட்பது பெரும்பாலும் மருந்தைப் பற்றி அன்று. "இவரை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? பிள்ளைகளுக்குத் தொற்றிவிடாதா?" என்பதே அவர்களது கேள்வி. சிலர் மருத்துவரைக் கேட்பதற்கு முன்னரே நோயாளிக்குத் தனித் தட்டு, தனிக் குவளை, வீட்டின் ஓர் ஓரம் என ஒதுக்கிவிடுகின்றனர். மணமான பெண்ணுக்கு நோய் வந்தால், சிகிச்சை முடியும்வரை தாய்வீட்டில் இருக்குமாறு அனுப்பிவிடும் வழக்கமும் உள்ளது.

இந்த அச்சம் இயல்பானதே. ஆயினும் இக்கேள்விக்கான விடை ஊகத்தால் அன்றி, முறையான ஆய்வினால் பல்லாண்டுகளுக்கு முன்பே கண்டறியப்பட்டுள்ளது. அந்த ஆய்வு சென்னையில் நடைபெற்றது. இன்று பல நாடுகளில் காசநோயாளிகள் வீட்டிலிருந்தவாறே சிகிச்சை பெறுவதற்கு அது ஒரு முக்கியக் காரணமாகும்.

மருந்து வந்தது, படுக்கை இல்லை

காசநோயை உண்டாக்கும் கிருமியை ராபர்ட் காக் 1882-ஆம் ஆண்டு அறிவித்தார். அதன்பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அக்கிருமியை அழிக்கும் மருந்து எதுவும் கிடைக்கவில்லை. நல்ல காற்று, நீண்ட ஓய்வு, சத்தான உணவு ஆகியவையே சிகிச்சையாகக் கருதப்பட்டன. அதற்கெனவே ஊருக்கு வெளியே சானடோரியங்கள் நிறுவப்பட்டன. தாம்பரத்தில் மருத்துவர் சௌரி முத்து 1928-இல் தொடங்கிய சானடோரியம் அவ்வகையைச் சேர்ந்தது. அதன் பெயரை அங்குள்ள மின்ரயில் நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ் ஆகிய மருந்துகளும், 1952-இல் ஐசோனியசிட் மாத்திரையும் பயன்பாட்டுக்கு வந்தன. காசநோய் குணமாகும் நோயாக மாறியது. எனினும் நோயாளியை ஓராண்டோ அதற்கு மேலோ சானடோரியத்தில் வைத்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்ற கருத்து மருத்துவ உலகில் மாறாமல் இருந்தது. இந்தியாவின் தேவைக்கு அன்றிருந்த படுக்கைகள் சிறிதும் போதவில்லை. புதிய சானடோரியங்களைக் கட்டி முடிக்கும்வரை மக்கள் காத்திருக்கவும் இயலாது. எனவே, நெரிசலான வீடுகளில் வாழும் ஏழை நோயாளிகளுக்கு அவரவர் வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் நோய் குணமாகுமா, குடும்பத்தாருக்கு ஆபத்து கூடுமா என்பதை அறிய வேண்டியிருந்தது.

1956-இல் தொடங்கிய ஆய்வு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. பிரிட்டனிலிருந்து வந்த மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் அதற்குத் தலைமை வகித்தார். சேத்துப்பட்டில் இன்று இயங்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அம்மையத்தின் வழிவந்ததாகும்.

அதுவரை மருந்து உட்கொண்டிராத, சளியில் கிருமி உறுதிசெய்யப்பட்ட 193 நோயாளிகள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். இவர்களுள் யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியம் செல்வது என்பதை மருத்துவரோ நோயாளியோ முடிவு செய்யவில்லை; குலுக்கல் போன்ற முறையில் அது தீர்மானிக்கப்பட்டது. நோய் முற்றியவர்கள் ஒரு பக்கமும், ஓரளவு நலமுடன் இருப்பவர்கள் மறுபக்கமும் சேர்ந்துவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. இவ்வாறு பிரிக்காவிடில், கிடைக்கும் முடிவுக்குச் சிகிச்சை காரணமா, நோயாளியின் உடல்நிலை காரணமா எனச் சொல்ல இயலாது. இரு பிரிவினருக்கும் ஐசோனியசிட், பாஸ் ஆகிய அதே மருந்துகள் ஓராண்டு காலம் கொடுக்கப்பட்டன.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வும் காற்றோட்டமும் நல்ல உணவும் செவிலியர் கவனிப்பும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களோ குறைந்த உணவுடன், நெரிசலான இடத்தில், வேலைகளையும் பார்த்துக்கொண்டு மாத்திரை உட்கொண்டனர். ஓராண்டின் முடிவில் இரு பிரிவிலும் மிகப் பெரும்பான்மையோருக்கு நோய் அடங்கியிருந்தது. இரண்டிற்கும் இடையே இருந்த வேறுபாடு சிறிது. பின்னர் ஐந்தாண்டுகள்வரை தொடர்ந்து கவனித்தபோதும், வீட்டில் சிகிச்சை பெற்றவர்களுக்கு நோய் மீண்டும் வருவது அதிகமாக இல்லை. 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முதல் முடிவுகள் வெளியாயின. நோயைக் குணப்படுத்தியது கட்டடமோ மலைக்காற்றோ அன்று, தவறாமல் உட்கொண்ட மருந்தே என்பது தெளிவாயிற்று.

குடும்பத்தாருக்கு நேர்ந்தது என்ன?

பராமரிப்போர் அறிய வேண்டிய பகுதி இதுவே. நோயாளிகளோடு ஒரே வீட்டில் வசித்தவர்களை ஆய்வாளர்கள் ஐந்தாண்டுகள் பரிசோதித்து வந்தனர். நோயாளி ஓராண்டு சானடோரியத்தில் பிரிந்திருந்த குடும்பங்களைக் காட்டிலும், நோயாளி வீட்டிலேயே இருந்த குடும்பங்களில் காசநோய் அதிகமாக ஏற்படவில்லை. பிரித்து வைத்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதல் பாதுகாப்பு எதுவும் கிடைக்கவில்லை என்பதே இதன் பொருள்.

இதற்கான காரணம் எளிதாகப் புரியக்கூடியது. நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போதும் பேசும்போதும் கிருமிகள் காற்றில் கலக்கின்றன. நோய் கண்டறியப்படுவதற்கு முந்தைய வாரங்களிலும் மாதங்களிலும், "சாதாரண இருமல்தான்" என்று எண்ணியிருந்த காலத்தில்தான், வீட்டிலுள்ளோர் அக்காற்றை மிகுதியாகச் சுவாசித்திருப்பார்கள். சரியான மருந்து தொடங்கிய பின்னர் சளியிலுள்ள கிருமிகள் விரைவாகக் குறைகின்றன; பெரும்பாலோரிடமிருந்து சில வாரங்களிலேயே தொற்றும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே, நோய் உறுதியான நாளுக்குப் பின் ஒருவரை வீட்டைவிட்டு விலக்குவது, ஆபத்தின் பெரும்பகுதி கடந்த பின்னர் எடுக்கும் நடவடிக்கையாகிறது. விலக்கப்பட்டவர் மனம் தளர்ந்து மருந்தை நிறுத்தினால், குறைந்துகொண்டிருந்த ஆபத்து மீண்டும் கூடும்.

தட்டு, குவளை, துணி, படுக்கை ஆகியவற்றின் வழியாகக் காசநோய் பரவுவதில்லை. தனிப் பாத்திரம் எவரையும் பாதுகாக்காது. நோயாளியின் மனத்தைப் புண்படுத்துவது மட்டுமே அதன் பயன்.

குடும்பத்தாரைப் பாதுகாப்பது பரிசோதனை. நோயாளியுடன் வசிக்கும் அனைவரும், குறிப்பாகக் குழந்தைகளும் முதியோரும் நீரிழிவு உள்ளவர்களும், தாமதமின்றிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நோய் இல்லையென உறுதியானவர்களுக்கு, அது வராமல் தடுக்கும் மருந்து அரசின் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின்கீழ் வழங்கப்படுகிறது. நலமாக இருப்பவர் எதற்காக மாத்திரை உட்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் பலர் இதனை மறுத்துவிடுகின்றனர். உடலில் உறங்கிக்கிடக்கும் கிருமி பின்னாளில் நோயாக மாறாமல் தடுப்பதே அம்மருந்தின் பணி.

மாத்திரை தவறும் சிக்கல்

வீட்டுச் சிகிச்சைக்கு ஒரு குறை உண்டு என்பதையும் சென்னை ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. மருந்தைக் கொடுத்தனுப்புவதும் நோயாளி அதனை உட்கொள்வதும் ஒன்றல்ல. அவர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைப் பரிசோதித்து மருந்து உடலுக்குள் சென்றுள்ளதா என்று பார்த்தனர். இருமல் நின்று, பசி எடுத்து, உடல் தேறியவுடன் மருந்தில் கவனம் குறைவது அன்றும் இருந்தது, இன்றும் உள்ளது. சுகாதாரப் பணியாளர் முன்னிலையில் மருந்தை உட்கொள்ளும் முறையை அதே மையம் பின்னர் ஆராய்ந்தது. பிற்காலத்தில் பல நாடுகள் அம்முறையை ஏற்றன.

அன்று ஓராண்டாக இருந்த சிகிச்சை, ரிஃபாம்பிசின் போன்ற மருந்துகளின் வரவால் இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதங்களாகக் குறைந்துள்ளது. முதல் இரண்டு மாதங்கள் நான்கு மருந்துகளும், அடுத்த நான்கு மாதங்கள் மூன்று மருந்துகளும் கூட்டு மாத்திரையாக நாள்தோறும் தரப்படுகின்றன. இரண்டாம் மாதத்தின் இறுதியில்தான் பலருக்கும் "குணமாகிவிட்டது" என்று தோன்றும். அப்போது மருந்தை நிறுத்தினால், எஞ்சியுள்ள கிருமிகள் மீண்டும் பெருகும்; மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளாக மாறவும் கூடும். பராமரிப்போர் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டிய காலம் இதுவே.

ரிஃபாம்பிசின் காரணமாகச் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகப் போகும், இது கேடன்று. ஆனால் கண் மஞ்சளாதல், தொடர்ந்த வாந்தி, பார்வை மங்குதல், நிறங்களைப் பிரித்தறிய இயலாமை ஆகியவை தோன்றினால் அடுத்த முறை செல்லும்போது சொல்லிக்கொள்ளலாம் எனக் காத்திராமல் அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

உணவு முக்கியமில்லையா?

சானடோரியத்தின் நல்ல உணவு இல்லாமலேயே வீட்டில் இருந்தவர்களுக்கும் நோய் அடங்கியது என்ற முடிவு, "மருந்து இருந்தால் போதும், உணவு பொருட்டன்று" எனவும் நெடுங்காலம் புரிந்துகொள்ளப்பட்டது. அது முழு உண்மை அன்று. சளியிலிருந்து கிருமியை நீக்குவது மருந்துதான். ஆயினும் மெலிந்த உடல் அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும். அருகிலிருப்போரின் உடல் நோயை எதிர்க்கவும் வேண்டும்.

இதனை ஆராய, ஜார்க்கண்ட் மாநிலத்தில் நான்கு மாவட்டங்களில் 2019-இல் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. 2,800 நோயாளிகளும், அவர்களுடன் வசித்த 10,345 குடும்பத்தாரும் அதில் இடம்பெற்றனர். நோயாளிகள் அனைவருக்கும் மாதந்தோறும் உணவுப் பொருள்கள் தரப்பட்டன. குடும்பத்தாருள் ஒரு பிரிவினருக்கு மட்டும், ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் வழங்கப்பட்டன. 2023-இல் வெளியான முடிவுகளின்படி, உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் ஏற்படுவது 39 விழுக்காடு குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோயோ ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நோயாளிகளிடையே, சிகிச்சையின் தொடக்கத்திலேயே எடை கூடியவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. அரிசியும் பருப்பும் ஒரு தடுப்பு மருந்தைப் போலச் செயல்பட்டதை இதனினும் தெளிவாகக் காட்டிய ஆய்வுகள் அரிது.

எனவே, நோயாளியின் எடையை மாதந்தோறும் குறித்துவைத்தல் வேண்டும். சோறு, பருப்பு, முட்டை, நிலக்கடலை, கீரை, பால், மீன் என வீட்டு வசதிக்கேற்ற உணவே போதுமானது. விலையுயர்ந்த சத்துமாவுகள் கட்டாயமன்று. நிக்‌ஷய் போஷண் திட்டத்தின்கீழ் சிகிச்சைக் காலத்தில் நோயாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும் தொகை, 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. இத்தொகை வரவில்லையெனில், சிகிச்சை பெறும் நிலையத்தில் வங்கிக் கணக்கு விவரம் சரியாகப் பதிவாகியுள்ளதா என்று கேட்டறிய வேண்டும்.

யாருக்கு மருத்துவமனை தேவை?

வீட்டுச் சிகிச்சை பெரும்பான்மையோருக்குப் பொருந்தும், எல்லோருக்கும் அன்று. நோய் கண்டறியப்படும்போதே மிகவும் நலிந்திருப்போர், மருந்து வேலை செய்யத் தொடங்குமுன்னரே உயிரிழக்க நேரிடுகிறது. இவ்விறப்புகளைக் குறைப்பதற்காகத் தமிழ்நாட்டில் 2022 ஏப்ரல் முதல் காசநோய் இறப்பிலாத் திட்டம் செயல்படுத்தப்பட்டு வருகிறது. நோய் உறுதியானவுடன் நோயாளியின் எடை, உயரம், கால்வீக்கம், மூச்சின் வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு ஆகியவை பார்க்கப்படுகின்றன. துணையின்றி எழுந்து நிற்க இயலுகிறதா என்றும் கவனிக்கப்படுகிறது. இதற்குச் சில நிமிடங்களும் எளிய கருவிகளுமே தேவை. இவற்றுள் ஆபத்தைக் காட்டும் அறிகுறி உள்ளவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, உடல் தேறிய பின்னர் வீட்டிலிருந்து சிகிச்சையைத் தொடர்கின்றனர்.

வீட்டில் இருப்பவருக்கும் பின்னர் இந்நிலை ஏற்படலாம். மூச்சு வாங்குதல், எழுந்து நிற்க முடியாமை, இருமும்போது இரத்தம் மிகுதியாக வெளியேறுதல், இரு கால்களிலும் வீக்கம், மனக்குழப்பம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் 108 ஆம்புலன்ஸை அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முதல் சில வாரங்கள்

சிகிச்சை தொடங்கிய முதல் வாரங்களில் நோயாளி முகக்கவசம் அணிவதும், இருமும்போது துணியால் வாயை மூடுவதும், இயன்றால் காற்றோட்டமான இடத்தில் தனியே உறங்குவதும் நல்லது. ஒரே அறை கொண்ட வீட்டில், சன்னலையும் கதவையும் திறந்துவைத்து, நோயாளி காற்று வெளியேறும் பக்கம் உறங்கலாம். சளியை மூடியுள்ள கிண்ணத்தில் துப்பி, கழிப்பறையில் கொட்டிவிட வேண்டும். தாய் நோயாளியாக இருப்பினும் குழந்தைக்குத் தாய்ப்பால் தரலாம். பாலின் வழியாகக் காசநோய் பரவுவதில்லை. பாலூட்டும்போது முகக்கவசம் அணிந்துகொண்டால் போதும். வேலைக்கோ பள்ளிக்கோ திரும்பும் நாளை மருத்துவர் சளிப் பரிசோதனையைப் பார்த்துக் கூறுவார்.

மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் உள்ளவர்களுக்குச் சிகிச்சை முறையும் தொற்று குறையும் காலமும் வேறுபடும். அவர்கள் தமது சிகிச்சை மையத்தின் அறிவுரையையே பின்பற்ற வேண்டும். ஐயங்களுக்கு நிக்‌ஷய் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-6666 அல்லது அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம்.