32 பிட், 64 பிட் இயக்க முறைமைகள்: மொழித்தரவு நோக்கில் ஒரு தெரிவு

அகராதித் தொகுப்பிலும் மொழிபெயர்ப்பிலும் ஈடுபட்டோர் கணிப்பொறியை மாற்றும்போது, பழைய 32 பிட் இயக்க முறைமையைத் தொடர்வதா, 64 பிட் முறைமைக்கு மாறுவதா என்னும் வினா எழுகிறது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே அமைந்தது. 32 பிட் வடிவமும் கொண்டிருந்த விண்டோஸ் 10இன் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றது. ஆகவே, முன்னர்த் தொகுத்த தரவுகளை இனியும் படிக்க இயலுமா என்பதே இங்கு முதன்மையான சிக்கலாகும்.

1. நினைவக எல்லை

32 பிட் முகவரியால் 4,29,49,67,296 பைட்டுகளை, அதாவது 4 கிகாபைட்டை, மட்டுமே சுட்ட இயலும். 32 பிட் விண்டோஸில் ஒரு நிரலுக்கு இயல்பாகக் கிட்டுவது அதில் பாதியே. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பெறும். 'தமிழ்' என்னும் சொல் 5 குறிகளாய் 15 பைட் கொள்ளும். பெருந்தரவுத் தொகுதியை முழுமையாக ஏற்றிச் சொல்லடைவு உருவாக்குவோர்க்கு இவ்வெல்லை தடையாகிறது.

2. பழைய நிரல்கள்

64 பிட் விண்டோஸ் 32 பிட் நிரல்களை இயக்கும். 16 பிட் நிரல்களை இயக்காது. டாஸ், விண்டோஸ் 3.1 ஆகியவற்றுக்கென எழுதப்பட்ட சொற்செயலிகள் அதில் இயங்காமைக்கு இதுவே காரணம். கோப்பு சிதைவதில்லை, அதன் குறியேற்றத்தை அறிந்த நிரலே செயலிழக்கிறது. ஒருங்குறிக் கோப்புகளுக்கு இவ்விடர் இல்லை. தமிழ் ஒருங்குறிக்கு 64 பிட் தேவை என்பதும் பொருந்தாது. 32 பிட் முறைமையாகிய விண்டோஸ் 2000இலேயே அவ்வசதி இருந்தது.

3. மாற்றத்தில் கவனிக்கத்தக்கவை

எழுத்துருவை அடிப்படையாகக் கொண்ட பழைய குறியேற்றங்களில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் எனத் தோற்ற வரிசையில் அமையும். ஒருங்குறியில் ககரம் முதலிலும் உயிர்க்குறி பின்னரும் வரும். மேலும், 'கௌரவம்', 'கெளரவம்' ஆகிய இரண்டும் அச்சில் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும். பின்னதில் இருப்பது ஔகாரக் குறியன்று. எகரக் குறியும் ளகரமுமே. மாற்றுநிரல் இவ்வேறுபாட்டைத் தவறவிடின் தேடலும் அகரவரிசையும் பிழைபடும். மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணுக்கு அது புலப்படுவதும் அரிது.

4. முடிவு

அன்றாடப் பணிக்கு 64 பிட் முறைமையே ஏற்றது. பழைய முறைமையை, வலைத்தொடர்பு இல்லாத மெய்நிகர்க் கணிப்பொறியாக அதனுள்ளேயே நிறுவிக்கொள்ளலாம். அதில் பழைய கோப்புகளைத் திறந்து, ஒருங்குறிக்கு மாற்றி, தலைச்சொற்களின் எண்ணிக்கையையும் ஔகாரச் சொற்களையும் மூலத்தோடு ஒப்பிடுதல் வேண்டும். இவ்வாய்வு நிறைவுறும்வரை மூலக் கோப்புகளையோ பழைய நிரலையோ நீக்குதல் கூடாது.